முழங்காலுக்குக் கீழே எலும்புக் கட்டி: அவசரத்தில் நடக்கும் தவறுகள்

பதின்ம வயதுப் பிள்ளை கால் வலிக்கிறது என்றால் பந்து விளையாடி அடிபட்டிருக்கும் என்று கோடாலித் தைலம் தேய்ப்போம். தேசிய சேவையில் இருப்பவர் என்றால் பழி ஓட்டப் பயிற்சிமேல் விழும். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் ஓய்வெடுத்தும் குறையாத வலி, தூக்கத்தைக் கலைக்கும் வலி, கையில் தட்டுப்படும் வீக்கம் இருந்தால் உருவிவிடுவதை நிறுத்திவிட்டு, பாலிகிளினிக்கில் எக்ஸ்ரே கேளுங்கள். ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்று அதிகம் தாக்குவது பதின்ம வயதினரை, அதுவும் முழங்காலை ஒட்டிய எலும்பில். மாத்திரைக்கு வலி அடங்கியதை வைத்தும் ஏமாறக் கூடாது. ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்ற தீங்கற்ற சிறு கட்டி இரவில் வலித்து, ஐபுப்ரோஃபென் போட்டதும் அடங்கும்.

பெரிய தவறு பயாப்ஸியில்தான், அதாவது கட்டியில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பதில்தான் நடக்கிறது. ‘சும்மா ஓர் ஊசிதானே’ என்று யாரிடமும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊசி போன வழியில் புற்றணுக்கள் ஒட்டியிருக்கலாம். அதனால் பின்னர் கட்டியோடு அந்தத் தடத்தையும் வெட்டி எடுக்க வேண்டும். தடம் தவறான இடத்தில் விழுந்தால் நல்ல தசை வீணாகும், சில சமயம் காலே போகும். ஆகவே முதலில் முழு எலும்புக்கும் எம்ஆர்ஐ. அதே எலும்பில் தள்ளி இன்னொரு கட்டி இருந்தாலும் தெரியும். அதன்பிறகே, அறுவை செய்யப்போகும் எலும்புப் புற்று நிபுணர் குறித்துக் கொடுத்த வழியில் பயாப்ஸி. திறந்து எடுப்பதானால் கீறல் காலின் நீளவாக்கில் இருக்க வேண்டும், குறுக்கே கூடாது. நுரையீரலுக்கு சிடி ஸ்கேனும் தேவை, ஆஸ்டியோசர்கோமா முதலில் பரவுவது பெரும்பாலும் அங்கேதான்.

லேசாக இடறியதற்கே எலும்பு முறிந்தால் உடனே உள்ளே கம்பி செருகக் கூடாது. கட்டியாக இருந்தால் அந்தக் கம்பியே புற்றணுக்களை எலும்பு நெடுகப் பரப்பிவிடும். காரணம் தெரியும்வரை மாவுக்கட்டு போதும்.

அறுவையில் கீழ்க்கால் ஒரு சிக்கலான இடம். கீழ்க்காலின் பெரிய எலும்பான முன்னெலும்பின் மேல் தோல் மட்டுமே போர்வை. கட்டியுள்ள எலும்பை எடுத்துவிட்டு வைக்கும் செயற்கை மூட்டை வெறும் தோலால் மூடினால் புண் பிரிந்து கிருமி புகும். அதனால் கெண்டைச் சதையின் உட்பகுதியைத் திருப்பி மூடுவார்கள். முழங்காலை நீட்டும் தசைநாரையும் அதிலேயே தைப்பார்கள். சேர்ந்து பிடிக்குமுன் காலை மடக்கிப் பழகினால் தையல் விட்டுப்போகும், பிறகு காலை நேராக நீட்ட முடியாது. கீழ்க்காலின் வெளிப்பக்க மெல்லிய எலும்பின் தலைப்பகுதியில் கட்டி என்றால் அங்கே சுற்றிப்போகும் நரம்பைப் பற்றி முன்பே கேளுங்கள். அது போனால் பாதம் தொங்கும்.

கணுக்காலை ஒட்டிய பெரிய புற்றுக்கு, எப்படியாவது பாதத்தைக் காப்பாற்றுங்கள் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டுச் செயற்கைக் கால் பொருத்தியவர்கள் பல நேரம் நன்றாகவே நடக்கிறார்கள்.