பள்ளியிலேயே கல்லூரிப் பாடம்: எதை எடுப்பது, எதை விடுவது

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் அடுத்த ஆண்டுக்கான பாடத் தேர்வுப் படிவம் வந்துவிடும். வந்த அன்றே வீட்டில் கிளம்பும் கேள்வி, "எத்தனை ஏ.பி. எடுக்கலாம்?" என்பதுதான். ஏ.பி. (AP, அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) என்பது பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடம். கூடவே பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்த எண்ணிக்கையும் பேச்சில் வரும். எண்ணிக்கையிலிருந்து தொடங்கினால் இந்த முடிவு சரியாக அமையாது. எந்தப் பாடம், எந்த ஆண்டு, எதற்காக என்று ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். மூன்றுக்கும் தெளிவான பதில் இருக்கும் பாடங்களை மட்டும் எடுத்தால் போதும். எண்ணிக்கை தானாக அமைந்துவிடும்.

எந்த வழி

ஏ.பி. பாடத்தைச் சொந்தப் பள்ளியிலேயே பள்ளி ஆசிரியர் நடத்துவார். மே மாதம் காலேஜ் போர்டு நடத்தும் தேர்வில் 1 முதல் 5 வரை மதிப்பெண் கிடைக்கும். வகுப்பில் வாங்கும் கிரேடும் மே மாத மதிப்பெண்ணும் வெவ்வேறு. கிரேடு பள்ளி டிரான்ஸ்கிரிப்டுக்கும் (மதிப்பெண் பதிவேடு) ஜி.பி.ஏ.வுக்கும் (கிரேடுகளின் சராசரிப் புள்ளி) போகும், தேர்வு மதிப்பெண் கல்லூரி கிரெடிட்டுக்கு, அதாவது அந்தப் பாடத்தைக் கல்லூரிப் படிப்பின் கணக்கில் சேர்ப்பதற்கு, உதவும். ஒரு தேர்வுக்குக் கட்டணம் சுமார் 100 டாலர்; வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சலுகை உண்டு. ஆண்டு முழுவதும் நடக்கும் பாடத்துக்கு நவம்பர் நடுவிலேயே தேர்வைப் பதிவு செய்துவிட வேண்டும். தாமதமானால் கூடுதல் கட்டணம் உண்டு. பதிவு செய்துவிட்டு எழுதாமல் விட்டாலும் ஒரு தொகை போய்விடும்.

டூயல் என்ரோல்மென்ட் என்பது நிஜமான கல்லூரிப் பாடம். பெரும்பாலும் கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி) படிப்பது. வாஷிங்டன் மாநிலத்தில் இதற்கு 'ரன்னிங் ஸ்டார்ட்' என்று பெயர். ஒஹாயோவில் 'காலேஜ் கிரெடிட் பிளஸ்'. இதில் எல்லாவற்றையும் முடிவு செய்யும் ஒற்றைத் தேர்வு மே மாதத்தில் கிடையாது. செமஸ்டர் முழுவதும் செய்யும் வேலைதான் கிரேடு. தேர்வறையில் பதறிப்போகிற, ஆனால் வாராவாரம் ஒழுங்காக வேலை செய்கிற பிள்ளைக்கு இது நல்ல வழி. அதே சமயம், வாங்கும் கிரேடு கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் நிரந்தரமாக நிற்கும். பின்னாளில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது, பள்ளிக் காலத்தில் எடுத்த கல்லூரிப் பாடங்களின் கிரேடையும் காட்டித்தான் ஆக வேண்டும். 16 வயதில் வாங்கிய ஒரு 'சி' 22 வயதிலும் கூடவே வரும்.

ஐ.பி. (இன்டர்நேஷனல் பேக்கலாரியேட்) டிப்ளமா 11, 12-ஆம் வகுப்புகளை முழுவதுமாக எடுத்துக்கொள்ளும் இரண்டாண்டுத் திட்டம். ஆறு பாடங்கள், அதிகபட்சம் 4,000 சொற்களில் ஓர் ஆய்வுக் கட்டுரை, அதற்கு மேல் வெளிச் செயல்பாடுகள். பல கல்லூரிகள் இதில் உயர்நிலை (Higher Level) என்று எடுத்த பாடங்களுக்கு மட்டுமே கிரெடிட் தருகின்றன. எழுதுவதில் ஆர்வம் இல்லாத பிள்ளையை இதில் சேர்க்காதீர்கள்.

கிரெடிட் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள்

"ஏ.பி. எடுத்தால் கல்லூரிச் செலவு மிச்சம்" என்பது பாதி உண்மை. பிள்ளை போக விரும்பும் கல்லூரிகளில் நான்கைந்தை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் இணையதளத்திலும் ஏ.பி. கிரெடிட் அட்டவணை இருக்கும். அதில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை மதிப்பெண் வேண்டும், கல்லூரியின் எந்தப் பாடத்துக்கு ஈடாகும், அது மேஜருக்கு (பட்டத்தின் முதன்மைப் பிரிவு) கட்டாயமான பாடத்தைக் கழிக்குமா அல்லது வெறும் விருப்பப் பாடக் கணக்கில் சேருமா. மூன்றாவதைப் பார்க்காமல் விடுவதால்தான் பின்னால் ஏமாற்றம் வருகிறது.

ஏ.பி. இயற்பியல் 1 அல்ஜீப்ராவை வைத்து நடத்தப்படுவது. பொறியியல் படிப்புக்குக் கால்குலஸ் வழி இயற்பியல் வேண்டும். அதற்கு ஈடாகக்கூடியது இயற்பியல் சி. ஆகவே இயற்பியல் 1-இல் 5 வாங்கினாலும், பொறியியல் மாணவர் கல்லூரி இயற்பியலை முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும். ஏ.பி. கால்குலஸில் இரண்டு பாடங்கள் உண்டு: AB ஏறக்குறைய ஒரு செமஸ்டர் கல்லூரிப் பாடம், BC இரண்டு செமஸ்டர்.

கல்லூரிக்குக் கல்லூரி வித்தியாசமும் பெரிது. ஃபுளோரிடாவின் அரசுக் கல்லூரிகள் 3 மதிப்பெண்ணுக்கே கிரெடிட் தருகின்றன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் 3-இலிருந்து யூனிட் தரும். ஆனால் அது மேஜருக்குப் பொருந்துமா என்பதை ஒவ்வொரு வளாகமும் தனியாக முடிவு செய்கிறது. கால்டெக் ஏ.பி.க்குக் கிரெடிட்டே தருவதில்லை. டார்ட்மத், பிரவுன் இரண்டிலும் மேல்நிலைப் பாடத்தில் நேரடியாக உட்கார அது உதவலாம். பட்டத்துக்கான கணக்கில் சேராது. டூயல் என்ரோல்மென்ட் கிரெடிட்டை அதே மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் ஏற்கும். பள்ளிப் படிப்பை முடிக்கக் கணக்கில் எடுத்த பாடம் என்றால் பல தனியார் கல்லூரிகள் மறுத்துவிடும். மருத்துவம்தான் இலக்கு என்றால், சில மருத்துவக் கல்லூரிகள் உயிரியல், வேதியியலுக்கு ஏ.பி. கிரெடிட்டை ஏற்பதில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிரெடிட் கிடைத்தாலும் உடனே பாடத்தைத் தாண்டிவிட வேண்டாம். தாண்டப்போகும் கல்லூரிப் பாடத்தின் பழைய இறுதித் தேர்வு ஒன்றைத் தேடி எடுத்து, நேரம் வைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தடுமாறினால் அந்தப் பாடத்தைக் கல்லூரியில் மறுபடி எடுப்பதே நல்லது. அடுத்த கணிதப் பாடத்தில் அடிவாங்குவதைவிட அது மேல்.

சேர்க்கைக் குழு எதைப் பார்க்கிறது

விண்ணப்பத்தோடு பள்ளியும் தன்னைப் பற்றிய ஒரு சுயவிவரத்தை அனுப்பும். அங்கே என்னென்ன மேல்நிலைப் பாடங்கள் உண்டு என்பது அதில் இருக்கும். உங்கள் பள்ளியில் ஆறு ஏ.பி.தான் இருக்கிறது என்றால், பன்னிரண்டு எங்கே என்று யாரும் கேட்கப்போவதில்லை. மாணவர் எடுத்த பாடங்கள் அந்தப் பள்ளியில் எவ்வளவு கடினமானவை என்பதையும் பள்ளியின் ஆலோசகரான கவுன்சிலர் ஒரு படிவத்தில் குறிக்கிறார். அதன் உச்சம் 'மிகக் கடினம்'. ஆகவே கவுன்சிலரிடம் கேட்க வேண்டிய கேள்வி: "இந்தப் பள்ளியில் அந்த உச்சக் குறி கிடைக்க என்ன பாடங்கள் எடுத்திருக்க வேண்டும்?" பதிலைக் கேட்டால், நினைத்ததைவிடக் குறைவான எண்ணிக்கையே போதும் என்று சில பள்ளிகளில் தெரியவரும்.

ஏ.பி.யில் 'பி' நல்லதா, சாதாரண வகுப்பில் 'ஏ' நல்லதா? பிள்ளைக்கு விருப்பமான பாடம் என்றால் ஏ.பி.யில் 'பி' தாராளமாகப் பரவாயில்லை. 'சி' வரும் என்று தெரிந்தால் ஹானர்ஸ் வகுப்பே (சாதாரண வகுப்புக்கு மேல், ஏ.பி.க்குக் கீழ்) போதும். ஒன்பதாம் வகுப்பிலேயே ஏ.பி. எடுக்கத் துடிப்பவர்களுக்கு ஒரு தகவல்: கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் கணக்கிடும் ஜி.பி.ஏ.வில் 10, 11-ஆம் வகுப்புகளின் பாடங்களுக்கு மட்டுமே கூடுதல் புள்ளி உண்டு. அதுவும் எட்டு செமஸ்டருக்கு மேல் இல்லை. அந்த எட்டில் 10-ஆம் வகுப்புக்கு அதிகபட்சம் நான்கு.

தயாரா என்று சோதிக்கும் விதம்

கால்குலஸில் பிள்ளைகள் விழுவது பெரும்பாலும் கால்குலஸால் அல்ல. பின்னங்கள், அடுக்குகள், மடக்கை, திரிகோணமிதி இவற்றில் உள்ள ஓட்டைகளால்தான். வேதியியலில் மோல் கணக்கும் சமன்பாட்டு விகிதக் கணக்கும் தண்ணீர் பட்ட பாடாக இருக்க வேண்டும். இயற்பியல் சி எடுப்பவர் கால்குலஸை முன்பே முடித்திருக்க வேண்டும், குறைந்தது அதே ஆண்டில் படித்துக்கொண்டிருக்க வேண்டும். ஓட்டை தெரிந்தால் அடைக்கக் கோடை விடுமுறை இருக்கிறது. செப்டம்பரில் நேரம் கிடைக்காது.

வரலாறு போன்ற வாசிப்புப் பாடத்துக்கு வேறு சோதனை. அந்த வகுப்பின் பாடநூலில் ஓர் அத்தியாயத்தை 40 நிமிடம் படிக்கச் சொல்லி, நூலை மூடிவிட்டு நினைவிலிருந்து அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். முக்கிய வாதமும் இரண்டு சான்றுகளும் வந்தால் போதும். எந்தப் பாடமானாலும், முந்தைய ஆண்டுகளின் விரிவான வினாக்களும் திருத்தும் முறையும் காலேஜ் போர்டு தளத்தில் இலவசம். ஆசிரியர் என்ன எதிர்பார்ப்பார் என்பது அதில் அப்படியே தெரியும்.

மணிக்கணக்கு

இதைத் தாளில் போடாமல் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏ.பி. பாடம் ஒன்றுக்கு வீட்டில் வாரம் 4 முதல் 6 மணி நேரம் வையுங்கள். 3 கிரெடிட் கல்லூரிப் பாடம் என்றால் வகுப்பு 3 மணி, வெளியே 6 மணி, ஆக 9 மணி; கோடையில் அதே பாடம் ஆறு வாரத்துக்குள் சுருங்கினால் இரண்டு மடங்குக்கு மேல். இனி பிள்ளையின் வாரத்தை எழுதுங்கள்: எட்டு மணி நேரத் தூக்கம், பள்ளி, பயணம், விளையாட்டு, பாட்டு அல்லது நடன வகுப்பு, சாப்பாடு, மற்றப் பாடங்களின் வீட்டுப்பாடம். மீதி 12 மணி என்றால் இரண்டு ஏ.பி. தாங்கும். நான்கு எழுதினால் குறையப்போவது தூக்கம்தான். தூக்கம் குறைந்த பிள்ளைக்கு அடுத்த மாதமே மற்றப் பாடங்களிலும் மதிப்பெண் சரியும்.

12-ஆம் வகுப்பின் முதல் பாதியில் விண்ணப்பக் கட்டுரைகளே ஒரு முழுப் பாடத்தின் நேரத்தை எடுத்துக்கொள்ளும். முன்கூட்டிய விண்ணப்பங்களுக்குப் பல கல்லூரிகளில் நவம்பர் 1 கடைசி நாள். அந்த செமஸ்டரில் ஒரு பாடம் குறைத்துப் போடுங்கள்.

தொடங்கிய பிறகு

முதல் மூன்று நான்கு வாரத்தில் முதல் தேர்வு வந்துவிடும். மதிப்பெண் மட்டும் குறைவு என்றால் ஆசிரியரிடம் உதவி கேட்டால் சரியாகலாம். படித்தும் எதுவும் புரியவில்லை என்றால் ஹானர்ஸுக்கு மாறும் கடைசித் தேதியைக் கேளுங்கள். மாறிய பிறகு மே மாதத் தேர்வுப் பதிவை ரத்து செய்ய மறக்காதீர்கள். கல்லூரிப் பாடத்தில் தேதிகள் இன்னும் கறார்: முதல் ஓரிரு வாரத்துக்குள் விலகினால் தடயம் இருக்காது, அதற்குப் பிறகு டிரான்ஸ்கிரிப்டில் 'டபிள்யூ' (விலகியதற்கான குறி), அதையும் தாண்டினால் கிரேடுதான். சேர்ந்த நாளே இந்தத் தேதிகளைச் சமையலறை நாட்காட்டியில் எழுதி வையுங்கள்.

கல்லூரிப் பாடத்தில் பெற்றோர் பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதிப் பயனில்லை. கல்லூரியில் சேர்ந்துவிட்டால், 18 வயது ஆகாவிட்டாலும், அந்தப் பதிவுகள் மீதான உரிமை கூட்டாட்சிச் சட்டப்படி மாணவருடையது. சந்தேகம் கேட்பது, அவகாசம் கேட்பது எல்லாம் பிள்ளையே எழுத வேண்டும். அதற்கு இன்னும் தயங்கும் பிள்ளை என்றால், இந்த ஆண்டு பள்ளிக்குள்ளேயே ஏ.பி. எடுக்கட்டும்.

ஏ.பி. மதிப்பெண்கள் ஜூலையில் வரும். எழுதும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு கல்லூரிக்கு இலவசமாக அனுப்பலாம். இலவசமாக அனுப்ப வேண்டிய கல்லூரியைக் குறிக்கக் கடைசி நாள் ஜூன் 20. 12-ஆம் வகுப்பில் எழுதுபவர் சேரப்போகும் கல்லூரியையே அதில் குறிக்க வேண்டும். முந்தைய ஆண்டுகளின் மதிப்பெண்களும் அதே அறிக்கையில் போய்விடும்.