முதல்ல கட்டக் கத்துக்கோங்க, அப்புறம் கடை

பூ வியாபாரம் பண்ணணும், எவ்வளவு முதல் வேண்டும் என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கட்டத் தெரியுமா? தெரியாதென்றால் கட்டுக்கூலிக்கே லாபம் போய்விடும்.

கட்டுவதை ஒரு மாதத்தில் பழகிவிடலாம். நூலை இடது கையில் பிடித்து, இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம் பார்க்க, காம்புகள் நடுவில் சேருகிற மாதிரி வைத்து, ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் ஒரு கண்ணி எடுத்துக் காம்பில் மாட்டி இழுங்கள். ரொம்ப இழுத்தால் காம்பு அறும், தளர விட்டால் வாங்கினவங்க தலையில் வைப்பதற்குள் பாதி கொட்டிவிடும். முதல் கிலோவைக் கட்டி முடித்ததும் எத்தனை முழம் வந்தது என்று எண்ணி எழுதி வையுங்கள், ஏனென்றால் நெருக்கிக் கட்டுகிற கைக்கும் இடைவெளி விட்டுக் கட்டுகிற கைக்கும் கணக்கு வேறு, உங்கள் விலை அதிலிருந்துதான் வரும்.

சென்னையில் சரக்கு எடுக்கக் கோயம்பேடு பூ மார்க்கெட். சின்ன அளவில் என்றால் பாரிமுனை பூக்கடைப் பக்கமே போதும், எங்கள் வண்ணாரப்பேட்டைக்குத் திரும்புவதும் சுலபம். மல்லியை மொட்டாகப் பார்த்து வாங்குங்கள். காலையிலேயே வாய் திறந்த பூ சாயங்காலம் நிற்காது. வந்ததும் ஈரத்துணியில் சுற்றி வையுங்கள், தண்ணீரை அடித்துத் தெளித்துக்கொண்டே இருந்தால் இதழ் கருத்துப்போகும்.

இந்தத் தொழிலில் அடிபடுகிற இடம் விற்பது இல்லை, வாங்குவதுதான். என் முதல் ஆடி வெள்ளிக்கு ஆசையில் ஐந்து கிலோ அள்ளிக்கொண்டு வந்தேன், தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுகிறார்கள், பறந்துவிடும் என்று நினைப்பு. நாலு மணிக்குப் பிடித்த மழை எட்டு மணி வரை விடவில்லை. இரண்டு கிலோ கட்டின பூவை ராத்திரி தெருமுனை அம்மனுக்கே சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். அதனால் முதல் மாதம் தினம் ஒரு கிலோ மல்லி, கொஞ்சம் கனகாம்பரம், சாமிக்குச் சாமந்தி, அவ்வளவுதான். மார்கழிக் குளிரில் மல்லி வரத்துக் குறைந்து விலை ஏறும், அப்போது இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குழப்பத்துக்கு மருந்து வாடிக்கை வீடு. தினம் இரண்டு முழம், வெள்ளிக்கிழமை நாலு முழம் என்று மாசக் கணக்கில் இருபது வீடு பிடித்து, கேட்டில் கவரை மாட்டிவிட்டு வந்தால், மழை பெய்தாலும் பாதிச் சரக்கு விற்ற மாதிரி. கடைகளில் சாமி படத்துக்குச் சரம் போடுவதையும் கேட்டுப் பாருங்கள், எங்கள் பேட்டை எம்.சி. ரோடு பக்கம் கடைக்கா பஞ்சம்.

உட்கார இடம் பார்க்கும்போது கோயில் வாசலுக்கு ஆசைப்படாதீர்கள். திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குப் பௌர்ணமியன்று வருகிற கூட்டத்தைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும், ஆனால் அங்கெல்லாம் தலைமுறையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பஸ் ஸ்டாப், மார்க்கெட் முனை, சாயங்காலம் நாலிலிருந்து எட்டு, அது போதும். மாநகராட்சியில் சாலையோர வியாபாரி அடையாள அட்டைக்குப் பதிந்துவிடுங்கள். 2014ஆம் வருடச் சட்டம் உங்களுக்குக் கொடுக்கிற உரிமை அது, சாலையோர வியாபாரிகளுக்கான மத்திய அரசின் ஸ்வநிதி கடன் கேட்கவும் அந்த அட்டை உதவும். தண்டல் பக்கம் மட்டும் போகாதீர்கள். பத்தாயிரம் என்று சொல்லி எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுத்து, நூறு நாள் தினம் நூறு ரூபாய் வாங்குவார்கள், நீங்கள் பூ விற்றீர்களா இல்லையா என்பது அவர்களுக்குக் கவலையே இல்லை.

மாலை கட்டுவது அடுத்த படி, ஆறு மாதம் போகட்டும். சம்பங்கி, அரளி, ரோஜா வைத்து மாலை கட்ட வந்துவிட்டால் சாவு வீட்டு ஆர்டரும் வரும். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டுவார்கள், பேரம் பேச மாட்டார்கள். அதைப் பார்த்து ஏற்றி விற்றால் அப்புறம் அந்தத் தெருவே உங்களிடம் வராது.

முழம் அளக்கும்போது விரலை மடக்காமல் நீட்டி அளந்து கொடுங்கள். எனக்குக் கை நீளம், பக்கத்துக் கடை அக்காவுக்குக் குட்டை. என்னிடம் கூட்டம் நிற்பதற்கு அது ஒன்றுதான் காரணம் என்று அக்கா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.