கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேளாண் கல்லூரிக்கு: கீம் விண்ணப்பம் போடும் முறை

போன வருடம் என் தம்பிக்கு பி.எஸ்சி. அக்ரிகல்ச்சருக்காக, கீம் என்ற கேரளத் தொழிற்படிப்புச் சேர்க்கை விண்ணப்பத்தை நானே உட்கார்ந்து போட்டேன். இப்போது திருச்சூர் பக்கம் வெள்ளானிக்கரை வேளாண் கல்லூரியில் படிக்கிறான். எங்கள் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுக்காவில் தமிழ் மீடியம் படிக்கும் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்ல ஆள் குறைவு. பொள்ளாச்சி சொந்தக்காரர்கள் பிளஸ் டூ மார்க்கை வைத்துக் கணக்குப் போடுவார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கு அது சரி. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தில் சேர நீட் மார்க் வேண்டும்.

முதலில் நீட். பாலக்காட்டு மையத்தில் தமிழ் வினாத்தாள் கிடைக்காது. தமிழில் எழுத வேண்டுமென்றால் விண்ணப்பத்தில் தமிழ்நாட்டு மையத்தைத்தான் கேட்க வேண்டும். எங்களுக்குக் கோவை வசதியாக இருந்தது.

நீட் போட்டதோடு வேலை முடியவில்லை. கேரள நுழைவுத் தேர்வு ஆணையர் இணையதளத்தில் கீம் விண்ணப்பமும் தனியாகப் போட வேண்டும். அதன் கடைசி தேதி பெரும்பாலும் நீட் தேர்வுக்கு முன்பே வந்துவிடும். அதில் 'மெடிக்கல் அண்ட் அலைடு' பிரிவைத் தேர்வு செய்யுங்கள். வேளாண்மை அதற்குள்தான் வரும். போனில் போடாதீர்கள், கம்ப்யூட்டர்தான் நல்லது. சான்றிதழ்களை ஸ்கேனரில் வைத்து எடுங்கள். போன் கேமராவில் எடுத்தால் ஓரத்தில் இருக்கும் முத்திரை மங்கிவிடுகிறது.

அடுத்தது நேட்டிவிட்டி, அதாவது கேரளத்தைச் சேர்ந்தவர் என்பதற்கான சான்று. நம் வீடுகளில் தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். அதனால் பலருக்குப் பிறந்த இடம் பொள்ளாச்சி, உடுமலை என்று எஸ்.எஸ்.எல்.சி. புக்கில் இருக்கும். கேரளத்தில் பிறந்ததாக அதில் இருந்தால் அந்தப் பக்கமே போதும். இல்லாவிட்டால் வில்லேஜ் ஆபீஸரிடம் நேட்டிவிட்டி சர்டிபிகேட் வாங்க வேண்டும். கேரள அரசின் இ-சேவை மையமான அக்ஷயா சென்டரில் மனு கொடுக்கலாம். தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், ஜனவரியிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

நாங்கள் தடுமாறியது நான்-கிரீமிலேயர் சர்டிபிகேட்டில். பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்த பிரிவை (கிரீமிலேயர்) சேராதவர் என்று காட்டும் சான்று அது. தமிழ்நாட்டு மாநில இடஒதுக்கீட்டில் கிரீமிலேயர் கிடையாது, அங்கே சாதிச் சான்றிதழே போதும். இங்கே பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்கு நான்-கிரீமிலேயர் சர்டிபிகேட் கட்டாயம். அதிலும் இரண்டு வகை இருக்கிறது. நீட்டுக்கு மத்திய அரசு படிவத்தில் தாசில்தார் கொடுப்பது ஒன்று. கீமுக்கு மாநிலக் கல்வித் தேவைக்கென்று வில்லேஜ் ஆபீஸர் கொடுப்பது இன்னொன்று. நான் தாசில்தார் கொடுத்ததையே இரண்டுக்கும் ஏற்றிவிட்டேன். 'அப்லோடு ஆகிவிட்டது' என்று பச்சை எழுத்தில் வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து உள்ளே போய்ப் பார்த்தால், 'மெமோ' பகுதியில் குறை என்று ஒரு வரி இருந்தது. அதற்குத் தனியாக எஸ்.எம்.எஸ். எதுவும் எங்களுக்கு வரவில்லை. சரியான சர்டிபிகேட்டை வாங்கி ஏற்றும்போது கெடு முடிய இரண்டே நாள்தான் இருந்தது. அந்த இரண்டு நாளும் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. அதனால் சொல்கிறேன், விண்ணப்பம் போட்ட பிறகு மெமோ பக்கத்தைத் தினமும் ஒரு தடவை திறந்து பாருங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் வரும் தகவலை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

நீட் ரிசல்ட் வந்ததும் அந்த மார்க்கை நீங்களே கீம் தளத்தில் உள்ளிட வேண்டும். செய்யாவிட்டால் கேரள ரேங்க் பட்டியலில் பெயர் வராது. டாக்டர் படிப்புக்கான தகுதி மார்க் வரவில்லையே என்று இந்த இடத்தில் விட்டுவிடாதீர்கள். வேளாண்மைக்கான பட்டியலுக்கு 720க்கு 20 இருந்தாலே போதும். சீட் கிடைப்பது ரேங்கைப் பொறுத்தது, ஆனால் பட்டியலில் இருந்தால்தான் அந்த வாய்ப்பே வரும்.

அப்புறம் ஆப்ஷன், அதாவது கல்லூரிகளை நம் விருப்ப வரிசையில் கீம் தளத்தில் கொடுப்பது. வெள்ளாயணி 1955இல் தொடங்கிய கல்லூரி, பெயர் பெற்றது. ஆனால் திருவனந்தபுரம் வரை போக வேண்டும். படன்னக்காடு காசர்கோட்டில் இருக்கிறது. நம் பக்கத்துக்கு வெள்ளானிக்கரைதான் கிட்டே, அதை முதலில் வைத்தோம். ஒரு கல்லூரி கிடைத்தால் அதற்குக் கீழே வைத்தவை ரத்தாகிவிடும், மேலே வைத்தவை அடுத்த சுற்றுக்கு நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் 'கன்ஃபர்ம்' கொடுக்க மறக்காதீர்கள்.

பின்னர் சேர்த்தது: வேலந்தாவளத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தாள். ஆதாரில் 'கே. கவிதா', எஸ்.எஸ்.எல்.சி.யில் 'கவிதா கிருஷ்ணன்' என்று இருக்கிறதாம். நம்மவர்கள் பலருக்கும் இனிஷியலில் இந்தச் சிக்கல் உண்டு. நீட், கீம் இரண்டிலும் எஸ்.எஸ்.எல்.சி.யில் உள்ளபடியே எழுதும்மா. இரண்டு பெயரும் ஒருவருடையதுதான் என்று வில்லேஜ் ஆபீஸில் 'ஒன் அண்ட் த சேம்' சர்டிபிகேட் தருவார்கள். அதையும் வாங்கி, கல்லூரியில் சேரப் போகும் நாளில் ஒரிஜினல்களோடு ஃபைலில் வைத்துக்கொள்.