வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் சத்தத்தைக் கேளுங்கள்

சாவியைத் திருப்பியதும் 'டக்டக்டக்' என்று விடாமல் அடித்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் (பேட்டரி முனையில் கேபிள் மாட்டும் இடம்) தளர்ந்திருக்கிறது. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை பேட்டரி முனைகளில் வையுங்கள். இன்ஜின் ஓடாமல் வண்டி நிற்கும்போது 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். ஆனால் இதை மட்டும் நம்பிவிடக் கூடாது. முழு சார்ஜ் இருந்தும், இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி தேறாது.

பேட்டரி நன்றாக இருந்தும் ஒரே ஒரு 'டக்' மட்டும் வந்தால் பலர் உடனே ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து, இன்னொருவரை சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு இந்த இரண்டையும் இணைக்கும் எர்த் கேபிளில்தான். பூத்துப் போயிருக்கும், அல்லது போல்ட் தளர்ந்திருக்கும். சுரண்டி இறுக்குங்கள்.

சத்தமே இல்லையா? ஃபியூஸையும், ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயையும் பாருங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் முதலில் நியூட்ரலில் முயன்று பாருங்கள்.

இன்ஜின் வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிடலாம். பெரும்பாலான பெட்ரோல் வண்டிகளில் சாவியை ஆன் செய்ததும் எரிபொருள் பம்ப் ஓரிரு விநாடி முனகும். முனகாவிட்டால் பம்ப் ஃபியூஸைப் பாருங்கள்; முனகினால் ஸ்பார்க் பிளக்கில் பொறி வருகிறதா என்று பாருங்கள். டீசல் ஃபில்டர் மாற்றிய கையோடு இப்படி ஆனால் லைனில் காற்று புகுந்திருக்கும். ஹேண்ட் பிரைமரை (டீசலை லைனுக்குள் தள்ளும் கை பம்ப்) கெட்டியாகும்வரை அழுத்துங்கள். ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் சுற்றினால் ஸ்டார்ட்டர் சூடேறிக் கருகும்.