ஃபிளைட் சிமுலேட்டர் திக்காமல் ஓட வீட்டுக் கம்ப்யூட்டரைத் தயார் செய்வது எப்படி?

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டான மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020-ஐ நிறுவிய கையோடு பலரும் செய்வது, கிராபிக்ஸ் பக்கத்தைத் திறந்து இருக்கிற எல்லாவற்றையும் குறைப்பதுதான். படம் மங்கிவிடும். ஆனால் ஓடுபாதையை நெருங்கும்போது வரும் திக்கல் மட்டும் அப்படியே இருக்கும். இந்த சிமுலேட்டர் பிராசசரிடம் ஒரு வேலையையும் கிராபிக்ஸ் கார்டிடம் வேறொரு வேலையையும் வாங்குகிறது. இரண்டில் எது திணறுகிறது என்று பார்க்காமல் குறைப்பது வீண். அதனால் முதலில் அளந்துவிடுவோம், அப்புறம் கை வைக்கலாம். மெனுவின் பெயர்கள் கொஞ்சம் மாறினாலும், இதே வழி 2024 பதிப்புக்கும் எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு விமான சிமுலேட்டருக்கும் பொருந்தும்.

படி 1: சிமுலேட்டரைத் திறப்பதற்கு முன்

மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். கேபினெட்டின் பின்பக்கம் மதர்போர்டிலும் ஒரு எச்.டி.எம்.ஐ துளை இருக்கும், அதற்குக் கீழே கிராபிக்ஸ் கார்டிலும் இருக்கும். கேபிள் கார்டில்தான் இருக்க வேண்டும்.

அடுத்து ரேம். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் மெமரியை அழுத்தினால், ரேமின் வேகமும் எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது என்பதும் தெரியும். 3200 என்று அச்சிட்ட டி.டி.ஆர்.4 ரேம் வாங்கியிருந்தும் அங்கே 2133 அல்லது 2400 என்று காட்டுகிறதா? பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் மதர்போர்டின் அமைப்புப் பக்கம்) எக்ஸ்.எம்.பி, அதாவது ரேமை அச்சிட்ட வேகத்தில் ஓட்டும் அமைப்பு, இயங்கவில்லை என்று அர்த்தம். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது டெலிட் அல்லது எஃப்2 பொத்தானைத் தட்டி உள்ளே போய் அதை இயக்குங்கள். புதிய ஏ.எம்.டி போர்டுகளில் எக்ஸ்போ என்று இருக்கும். ஒற்றை 16 ஜி.பி. குச்சியை விட இரண்டு 8 ஜி.பி. குச்சிகள் நல்லது. நான்கு ஸ்லாட் உள்ள போர்டு என்றால், பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். போர்டின் கையேட்டில் படமே இருக்கும். செலவே இல்லாமல் கிடைக்கும் லாபங்களில் இதுதான் பெரியது என்பேன்.

மீதி சின்ன வேலைகள். சிமுலேட்டர் எஸ்.எஸ்.டி-யில் இருக்கட்டும். விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் மானிட்டரின் ரெஃப்ரெஷ் ரேட் (நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது) அதன் முழு அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60-இல் ஓடிக்கொண்டிருப்பது சாதாரணமாக நடப்பது. லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகித்தான் பறக்க வேண்டும். வேகத்தைக் கூட்டித் தருவதாகச் சொல்லும் 'கேம் பூஸ்டர்', 'ரெஜிஸ்ட்ரி கிளீனர்' எதையும் நிறுவ வேண்டாம்.

படி 2: ஒரே பயணத்தைத் திரும்பத் திரும்பப் பறப்பது

ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரே இடத்தில், ஒரே வானிலையில் சோதித்தால்தான் வித்தியாசம் தெரியும். லைவ் வெதரை அணைத்துவிட்டு, 'ஃபியூ கிளவுட்ஸ்' போன்ற ஒரு நிலையான வானிலையையும் நண்பகல் நேரத்தையும் வையுங்கள். செஸ்னா 172-இல் நியூயார்க் ஜே.எஃப்.கே-யிலிருந்து கிளம்பி மன்ஹாட்டன் மேலே போய்த் திரும்புவது நல்ல சோதனை. பெரிய விமான நிலையம், நெருக்கமான கட்டடங்கள், இரண்டும் அதில் வந்துவிடும். யாருமில்லாத பாலைவனத்தின் மேல் கிடைக்கும் எண்ணை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

படி 3: எது திணறுகிறது?

ஜெனரல் ஆப்ஷன்ஸில் டெவலப்பர்ஸ் பகுதிக்குப் போய் டெவலப்பர் மோடை இயக்குங்கள். திரையின் மேலே ஒரு மெனு பட்டை வரும். அதில் 'டிஸ்ப்ளே எஃப்.பி.எஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் மூலையில் சிறிய பெட்டி திறக்கும். அதில் பலரும் எஃப்.பி.எஸ் எண்ணை (நொடிக்கு எத்தனை படங்கள் என்பது) மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது 'லிமிட்டெட் பை' என்று தொடங்கும் வரி. அது 'மெயின்த்ரெட்' என்றால் பிராசசர் பின்தங்குகிறது. 'ஜி.பி.யு' என்றால் கிராபிக்ஸ் கார்டு. ஓடுபாதையில் நிற்கும்போது, மன்ஹாட்டன் மேல், இறங்கும்போது என மூன்று இடங்களிலும் பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இடத்துக்கு இடம் மாறவும் செய்யும்.

படி 4: மெயின்த்ரெட் என்று வந்தால்

முதல் சந்தேகம் 'டெரெயின் லெவல் ஆஃப் டீட்டெயில்' மேல்தான் போக வேண்டும். எவ்வளவு தூரம் வரை நிலத்தையும் கட்டடங்களையும் நுணுக்கமாகக் காட்டுவது என்பதை அது தீர்மானிக்கிறது. 200-இல் இருந்தால் 100-க்குக் கொண்டுவந்து மறுபடி பறந்து பாருங்கள். அடுத்தது 'ஆப்ஜெக்ட்ஸ் லெவல் ஆஃப் டீட்டெயில்'. டிராஃபிக் பக்கத்தில் விமான நிலைய வண்டிகள், நிறுத்தி வைத்த விமானங்கள், சாலை வாகனங்கள் எல்லாவற்றையும் பாதிக்குக் கீழே இறக்குங்கள். டிஜிட்டல் திரைகள் உள்ள விமானம் என்றால் 'கிளாஸ் காக்பிட் ரெஃப்ரெஷ் ரேட்'டையும் ஒரு படி குறைக்கலாம்.

இந்த நிலையில் ரெசல்யூஷனைக் குறைத்தால் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் கார்டு ஏற்கெனவே வேலையில்லாமல்தான் காத்திருக்கிறது. நல்ல செய்தியும் இதிலேயே இருக்கிறது: மேகங்களின் தரத்தை ஒரு படி ஏற்றினாலும் வேகம் பெரும்பாலும் குறையாது. அழகு இலவசமாகக் கிடைக்கும் இடம் இது, விட்டுவிடாதீர்கள்.

புதிய பிராசசர் வாங்கும் எண்ணம் இருந்தால், எத்தனை கோர் என்பதை விட ஒரு கோரின் வேகமும் கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) அளவும் இங்கே முக்கியம். 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி-யில் எல்3 கேஷ் 96 எம்.பி., சாதாரண 5800எக்ஸ்-இல் 32 எம்.பி. கோர் எண்ணிக்கை இரண்டிலும் எட்டுதான், ஆனாலும் சிமுலேட்டரில் முன்னது தெளிவாக முந்துகிறது.

படி 5: ஜி.பி.யு என்று வந்தால்

மேகங்களின் தரமான 'வால்யூமெட்ரிக் கிளவுட்ஸ்' அல்ட்ராவில் இருந்தால் ஹை போதும். அப்புறம் 'ரெண்டர் ஸ்கேலிங்'. 1920 × 1080 திரையில் இதை 80 ஆக்கினால் கார்டு வரைவது 1536 × 864 தான். சுமார் 20.7 லட்சம் புள்ளிகளுக்குப் பதில் 13.3 லட்சம், மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சுமை இறங்கிவிடும். என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ் கார்டு என்றால் இதற்குப் பதில், சிறிதாக வரைந்த படத்தைத் தெளிவாகப் பெரிதாக்கித் தரும் டி.எல்.எஸ்.எஸ் வசதியில் 'குவாலிட்டி'யை முயன்று பாருங்கள். ஆனால் காக்பிட் திரைகளில் ஓடும் சின்ன எண்கள் கொஞ்சம் மசமசவென்று தெரியலாம். கருவிகளைப் பார்த்தே பறப்பவர்களுக்கு அது உறுத்தும்.

டாஸ்க் மேனேஜரில் 'டெடிகேட்டட் ஜி.பி.யு மெமரி' (கார்டின் சொந்த நினைவகம்) நிரம்பி வழிகிறதா என்றும் பாருங்கள். நிரம்பிவிட்டால் வேகம் திடீரென்று சரியும். 'டெக்ஸ்ச்சர் ரெசல்யூஷன்' குறைப்பதுதான் அதற்கு வழி.

படி 6: வேகத்தைப் பூட்டுவது

60 ஹெர்ட்ஸ் மானிட்டர் 16.7 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை புதுப் படம் காட்டும். கம்ப்யூட்டர் 45 எஃப்.பி.எஸ் தருகிறது என்று வையுங்கள். சில படங்கள் ஒரு சுற்று நிற்கும், சில இரண்டு சுற்று நிற்கும். கண்ணுக்கு அது வெட்டி வெட்டித் தெரியும். 30-இல் பூட்டினால் ஒவ்வொரு படமும் சரியாக 33.3 மில்லிசெகண்டு நிற்கும். எண் குறைவுதான், ஆனால் திரும்பும்போது அடிவானம் வழுக்கிக்கொண்டு போகும். படங்களை மானிட்டரின் சுற்றோடு ஒத்துப்போக வைக்கும் வி-சிங்கை இயக்கி வரம்பை 30 என வையுங்கள். புதிய அப்டேட்களில் இது ரெஃப்ரெஷ் ரேட்டின் 50 சதவீதம் என்று இருக்கும். என்விடியா கன்ட்ரோல் பேனலில் உள்ள 'மேக்ஸ் ஃபிரேம் ரேட்' மூலமும் பூட்டலாம். கம்ப்யூட்டர் தரும் வேகத்துக்கு ஏற்பத் தன் சுற்றை மாற்றிக்கொள்ளும் ஜி-சிங்க் அல்லது ஃப்ரீசிங்க் மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு கறார் வேண்டாம்.

எந்த எண்ணில் பூட்டினாலும், மன்ஹாட்டன் மேல் கிடைத்த மிகக் குறைந்த வேகம் அதற்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால் படி 4-க்கும் 5-க்கும் திரும்பிப் போய் இன்னும் குறையுங்கள்.

இன்னும் திக்கினால்

பறந்துகொண்டே இருக்கும்போது நகரங்களின் மேல் மட்டும் அவ்வப்போது நின்று நின்று போகிறதா? நிலப்படங்கள் இணையம் வழியாக வருவதால் அதுவும் காரணமாகலாம். டேட்டா பக்கத்தில் 'ஃபோட்டோகிராமெட்ரி'யை (புகைப்படங்களிலிருந்து உருவாக்கிய நகர வடிவங்கள்) அணைத்துப் பாருங்கள். இறக்கிய நிலப்படங்களைச் சேமித்து வைக்கும் 'ரோலிங் கேஷ்' எஸ்.எஸ்.டி-யில் இருக்கிறதா என்று பார்த்து, பழையதை அழித்துப் புதிதாக உருவாக்குங்கள். வைஃபைக்குப் பதில் கேபிள் போட முடிந்தால் போடுங்கள்.

அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் சரிந்தால் சூடுதான் காரணமாக இருக்கும். பிராசசர் 95 டிகிரியைத் தொடுகிறது என்றால் ஃபேனிலும் ஹீட்சிங்கிலும் படிந்த தூசியைத் துடையுங்கள்.

கடைசியாக, ஆட்-ஆன்கள், அதாவது நீங்கள் தனியாகச் சேர்த்த விமானங்களும் விமான நிலையங்களும். அவை இருக்கும் 'கம்யூனிட்டி' ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு, அதே பெயரில் வெற்று ஃபோல்டர் ஒன்றை வைத்து ஜே.எஃப்.கே பயணத்தை மறுபடி பறந்து பாருங்கள். திக்கல் போய்விட்டால், ஆட்-ஆன்களைப் பாதிப் பாதியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டே வாருங்கள். எந்த ஆட்-ஆன் வந்ததும் மறுபடி திக்குகிறதோ, அதற்குப் புதிய பதிப்பு இருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் நீக்கிவிடுங்கள்.