தோழன்களுக்கு மடக்குக் கத்தி: கோத்தகிரியில் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு

மாப்பிள்ளைத் தோழன் என்றால் நம் பக்கம் ஒருத்தன்தான், பெரும்பாலும் மச்சான் முறைப் பையன், அவனுக்கு ஒரு மோதிரம் போட்டால் கணக்கு முடிந்தது. வெளிநாட்டில் வளர்ந்த பையன்கள் ஐந்தாறு பேரை ஒரே நிறக் கோட்டில் நிறுத்தி, எல்லோருக்கும் ஒரே மாதிரி பரிசு வேண்டும் என்கிறார்கள், அதிலும் இப்போது மடக்குக் கத்தி. தப்பில்லை. லண்டனிலிருந்து வந்து கோத்தகிரியில் கல்யாணம் செய்தபோது நானும் அதைத்தான் கொடுத்தேன். ஆறில் ஒன்று துருப்பிடித்தது, ஒன்று விமான நிலையத்தில் போனது, ஒன்றில் பெயரே தப்பாக விழுந்தது.

வாங்கும் முன்னால், தோழன்களில் யார் மலையிலேயே இருப்பவன், யார் திரும்ப விமானம் ஏறுபவன் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆறு பேருக்கும் ஒரே கத்தி வாங்கியதுதான் நான் செய்த தப்பு.

நான் வாங்கியது பிரெஞ்சுக்காரர்களின் ஒப்பினல், 8ஆம் எண், அலகு எட்டரை சென்டிமீட்டர், பீச் மரப் பிடி. கையில் எடுத்தால் வைக்க மனம் வராது. ஆனால் அதில் கார்பன் எஃகு, துருப்பிடிக்காத எஃகு என்று இரண்டு வகை உண்டு, கூர்மை நன்றாக ஏறும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நான் கார்பனை எடுத்தேன். ஜூலையில் நீலகிரிக்கு வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பீரோவுக்குள் இருக்கும் செருப்புக்கே பூஞ்சை பிடிக்கும். எஸ்டேட்டில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் அதைத் தோல் உறையில் போட்டு ஜெர்கின் பையிலேயே வைத்திருந்தான். தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மாதத்தில் அலகு முழுக்கக் காப்பித்தூள் தூவியது போல் புள்ளி புள்ளியாகத் துரு. போதாததற்கு மரம் ஊதிக்கொண்டு அலகு வெளியே வரவே மாட்டேன் என்றது. இப்படி ஆனால் நகத்தை உடைத்துக்கொள்ள வேண்டாம், பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினால் அலகு கொஞ்சம் எழும்பும்.

அதனால் மலையில் இருப்பவனுக்குத் துருப்பிடிக்காத எஃகு மட்டும்தான். சுவிஸ் கத்திக் கம்பெனி விக்டோரிநாக்ஸில், மடக்கினால் 91 மில்லிமீட்டர் நீளம் வரும் வகை போதும், கத்தரிக்கோல் வைத்தது என்றால் இன்னும் நல்லது. உரமூட்டைச் சணல் அறுக்க, வழியில் வாங்கிய பேரிக்காய் நறுக்க, பையன் நகம் வெட்ட என்று தினமும் எடுப்பான். கூடவே ஒரு சின்னப் பாட்டில் தையல் மெஷின் எண்ணெயும் வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், டிசம்பரில் இங்கே அது பாட்டிலுக்குள்ளேயே கல்லாகிவிடும்.

விமானம் ஏறுபவனுக்கு வேறு கணக்கு. பிரிட்டனில் காரணம் சொல்லாமல் பையில் வைத்துக்கொள்ளலாம் என்றால் மடக்குக் கத்தியாக இருக்க வேண்டும், அலகு மூன்று அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், விரித்தபின் பூட்டிக்கொள்ளக் கூடாது. ஒப்பினலில் விரித்த அலகு மடங்காமல் திருகி நிறுத்தும் இரும்பு வளையம் பூட்டு என்றே கணக்கு, 8ஆம் எண் நீளத்திலும் அடிபடும். விக்டோரிநாக்ஸ் கேடட், மடக்கினால் 84 மில்லிமீட்டர், அலகு அதைவிடச் சின்னது, மூன்று அங்குலத்துக்குள்தான், அலுமினியப் பிடி, பூட்டு கிடையாது. இது சரியாக வரும். பட்டன் அழுத்தினால் பாயும் கத்தியை எந்த ஊர்க்காரனுக்கும் வாங்காதீர்கள், பல நாடுகளில் வைத்திருந்தாலே குற்றம். இந்தியாவில் ஆயுதச் சட்டக் கணக்குப்படி வீட்டு வேலை, விவசாயம் மாதிரியான உபயோகத்துக்கு இல்லாத கத்தி ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால்தான் சிக்கல், நம் மடக்குக் கத்தி அதன் பக்கத்தில்கூட வராது.

கொண்டுவரும்போது செக்-இன் பெட்டியில்தான். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது சென்னையில். அங்கே சுங்கத்துக்காகப் பெட்டியை எடுத்து, கோயம்புத்தூர் விமானத்துக்கு மறுபடி போடும் இடைவெளியில், பெட்டி எடை கூடிவிட்டது என்று நாலு சாமானைக் கைப்பைக்கு மாற்றுவோம் பாருங்கள், அதில் கத்தியும் போய்விடும். ஆறு புதுக் கத்தி டப்பா ஒரே மாதிரி இருந்தால் வியாபாரமா என்று சுங்கத்தில் கேட்கலாம், ரசீது கையில் இருக்கட்டும். என் தோழன் ஒருத்தன் ஊர் திரும்பும் அன்று பட்டுவேட்டி மடிப்புக்குள் கத்தி இருப்பதையே மறந்து கைப்பையில் வைத்துப் பறிகொடுத்தான். அதனால் கல்யாணம் முடிந்ததும் நீங்களே ஒரு முறை எல்லோருக்கும் போன் போட்டு ஞாபகப்படுத்துங்கள்.

கல்யாணத்துக்கு மறுநாள் கும்பலாக முதுமலைக்குக் கிளம்புவீர்கள். கத்திகளை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்குள் கத்தியும் வருகிறது, அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு போகக் கூடாது.

பெயர் பொறிப்பது பற்றி. தமிழில்தான் பொறிக்க வேண்டும் என்று நின்றேன். நான் கொடுத்த கடையில் கம்ப்யூட்டருக்குத் தமிழ் ஒழுங்காக வரவில்லை, கோகுல் என்று அனுப்பினால் கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து, நடுவில் புள்ளி வட்டம் வேறு முளைத்து, அப்படியே லேசரில் ஏறிவிட்டது. அழிக்க முடியாது. எழுத்தாக அனுப்பாதீர்கள், படமாக மாற்றி அனுப்புங்கள், முதலில் ஒரு தகரத் துண்டில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். சாயம் ஏற்றிய அலுமினியப் பிடியில் பொறித்தால் சாயம் போய் வெள்ளி நிறத்தில் பளிச்சென்று தெரியும்.

உள்ளூர்க் கைவேலைதான் வேண்டும் என்றால், நீலகிரியில் தலைமுறை தலைமுறையாக இரும்பு அடித்தவர்கள் கோத்தர்கள், தோடர்களுக்கும் படகர்களுக்கும் கருவிகள் அவர்கள் கொடுத்தவைதான். இன்று உலை வைத்திருப்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், கல்யாண வாரத்தில் போய் நின்றால் நடக்காது. என் அப்பாவின் கவாத்துக் கத்தி இன்னும் வீட்டில் இருக்கிறது, தேயிலைச் செடியை வெட்டி வெட்டி அலகு பாதியாகத் தேய்ந்தது. கடையில் வாங்கிய எதுவும் அதன் பக்கத்தில் நிற்காது, அது வேறு விஷயம்.

சுற்றிக் கொடுக்கப் பிளாஸ்டிக் காகிதம் வேண்டாம், இது பிளாஸ்டிக் தடை உள்ள மாவட்டம், துணிப்பையே அழகு.

அப்புறம், கொடுக்கும் முறை. மண்டபத்தில் நான் ஒருத்தன் கையில் நேராக நீட்டியதும் அப்பாயி சத்தம் போட்டுவிட்டார்: "டேய், கத்திய கையில குடுக்காத, சண்ட வரும். கீழ வை, அவனே எடுத்துக்கட்டும்." உங்களுக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் பெரியவர்கள் முகம் சுளிக்கும்படி ஏன் செய்ய வேண்டும்? முந்தின நாள் இரவு வீட்டிலேயே, தட்டில் வெற்றிலை பாக்கோடு கத்தியை வைத்து, பக்கத்தில் ஒரு ரூபாய் வைத்து எடுத்துக்கொள்ளச் சொன்னால் முடிந்தது. அந்த நாணயங்களை முன்கூட்டியே எடுத்து வையுங்கள், கல்யாண வீட்டில் அந்த நேரம் பார்த்துச் சில்லறை இருக்காது.