டேஷ்போர்டில் என்ன காணோம்? ஓட்டையும் ஒயரும் சொல்லும்

பழைய கார் ஒன்று கைக்கு வந்ததும் நேராக டிங்கரிங் பட்டறைக்குத்தான் கொண்டுபோகிறார்கள். டேஷ்போர்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இருக்கிற ஓட்டையெல்லாம் அடைத்து, பெயிண்டும் அடித்துவிட்டு, "இதில் என்னென்ன மீட்டர் இருந்திருக்கும் அண்ணா?" என்று கிருஷ்ணகிரியில் என் ஒயரிங் கடைக்கு வருவார்கள். அதற்குள் தடயம் எல்லாம் போய்விட்டிருக்கும். எது காணாமல் போனது என்று தெரிகிறவரை அந்தப் பேனலில் உப்புத்தாள் படவே கூடாது.

முதலில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். அப்புறம் பேனலை முன்னும் பின்னும் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள்.

கம்பெனியில் வெட்டிய ஓட்டை விளிம்பு சுத்தமாக இருக்கும், உள்விளிம்பிலும் பெயிண்ட் ஏறியிருக்கும். பிற்பாடு யாரோ ட்ரில் போட்டிருந்தால் பின்பக்கம் பிசிறு நிற்கும், விளிம்பில் பெயிண்ட் இல்லாமல் துரு பிடித்திருக்கும். ஃபேன், பாட்டுப்பெட்டி என்று சொந்தக்காரர் மாட்டிய சமாச்சாரம் அது. அதைத் தேடி அலைய வேண்டாம். 52 மி.மீ. விட்டத்தில் வட்ட ஓட்டை இருந்தால் சின்ன மீட்டர் ஒன்று போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நீளவாட்டில் ஒரு வெட்டும் அதன் இருபுறமும் சின்ன ஓட்டையும் இருந்தால் அது பழைய ரேடியோவின் இடம். பெயிண்ட் மங்காத வளையம் தெரிந்தால் அதையும் அளந்து வையுங்கள், மீட்டர் விளிம்பின் அளவு கிடைத்துவிடும்.

ஓட்டையை விட ஒயர் நம்பகமான சாட்சி. அம்பாசடரைப் போல பிரிட்டிஷ் வழி வந்த வண்டிகளில், லூகாஸ் என்ற பிரிட்டிஷ் எலக்ட்ரிகல் கம்பெனியின் முறைக் கலர்தான். பச்சையில் கறுப்புக் கோடு பெட்ரோல் டேங்கிலிருந்து வருவது. பச்சையில் நீலக் கோடு டெம்பரேச்சர் மீட்டருக்கு. வெள்ளையில் பழுப்புக் கோடு ஆயில் லைட்டுக்கு. சிவப்பில் வெள்ளைக் கோடு மீட்டருக்குள் எரியும் பல்புக்கு. இந்த ஒயர் பல்பு ஹோல்டரோடு அந்தரத்தில் தொங்கினால் அந்த இடத்தில் ஒரு மீட்டர் குறைகிறது. கத்தரிப்பூ கலர் ஒயரில் சாவி போடாமலே கரண்ட் இருக்கும். ஹாரன், உள்விளக்கு போக இன்னொன்று அநாதையாக நின்றால் கடிகாரமோ சிகரெட் லைட்டரோ இருந்திருக்கலாம். வெளியே கலர் வெளுத்திருந்தால் சுற்றியிருக்கும் டேப்பை ஓர் அங்குலம் பிரித்துப் பாருங்கள், உள்ளே புதுசாகவே இருக்கும். பத்மினி பியட் வழி வந்தது, அதற்கு இந்தக் கலர் கணக்கு செல்லாது.

சந்தூர் பக்கம் மாந்தோப்பு ஷெட்டிலிருந்து ஒரு பழைய அம்பாசடர் வந்தது. பேனலுக்குப் பின்னால் கை விட்டால் முட்டை மாதிரி ஒரு டேப் உருண்டை. பிரித்தேன். தடிமனான இரண்டு பழுப்பு ஒயர், நுனியில் ரிங் லக் என்ற வளைய முனை, நடுவில் ஒரே போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. கரண்டை அளக்கும் அம்மீட்டர் இருந்த இடம் அது. ஸ்டார்ட்டர் மோட்டார் இழுப்பது தவிர வண்டியின் கரண்ட் பெரும்பாலும் அம்மீட்டர் வழியாகத்தான் போகும். அது கெட்டால் வண்டியே நின்றுவிடும் என்பதால் யாரோ எடுத்துவிட்டு இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். இப்படி ஜோடி போட்ட தடிமன் ஒயரைப் பார்த்தால் வெட்டிவிடாதீர்கள்.

இன்ஜின் பக்கமும் ஒரு பார்வை பாருங்கள். இன்ஜின் பிளாக்கிலிருந்து கிளம்பும் மெல்லிய செம்புக்குழாயை நசுக்கி அடைத்திருந்தால் ஆயில் பிரஷர் மீட்டர் போயிருக்கிறது.

ஸ்பீடோமீட்டரே இல்லாவிட்டால் எது கிடைத்தாலும் மாட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். கியர்பாக்ஸிலிருந்து வந்து ஸ்பீடோமீட்டரைச் சுழற்றும் கேபிள் ஒரு மைலுக்கு எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற எண், ஸ்மித்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி மீட்டரின் முகப்பிலேயே சின்னதாக அச்சிட்டிருக்கும். அதோடு ஒத்துப்போக வேண்டிய உங்கள் வண்டியின் எண்ணைக் கண்டுபிடிப்பது சுலபம். மீட்டர் பக்கத்துக் கேபிள் நுனியில் அட்டை முள் ஒன்றை ஒட்டுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, சரியாக 16.1 மீட்டர் தள்ளச் சொல்லி முள்ளின் சுற்றை எண்ணுங்கள். அரைச் சுற்று, கால் சுற்றையும் விடாதீர்கள். அதை 100ஆல் பெருக்கினால் மைல் கணக்கு. கிலோமீட்டர் கணக்கு வேண்டுமென்றால் 10 மீட்டர் தள்ளினால் போதும்.

இதெல்லாம் தெரிந்த பிறகுதான் பெங்களூர் ஜே.சி. ரோட்டுக்கோ சென்னை புதுப்பேட்டைக்கோ பஸ் ஏற வேண்டும். ஓட்டையின் அளவை அட்டையில் வெட்டி எடுத்துப் போங்கள். வாயால் சொல்லும் அளவு கடையில் எடுபடாது. மீட்டரின் பெயரையும் படியுங்கள். கோவை பிரிகால் நல்ல மீட்டர், ஆனால் அந்தக் கம்பெனியே 1970களில் வந்தது. 1964 வண்டிக்கு "ஒரிஜினல்" என்று அதை நீட்டினால் ஒரிஜினல் விலை கொடுக்காதீர்கள்.